வாத்துக்கு எதற்கு ட்யூப்?

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது பள்ளி வரலாறு. அதை எழுதத் தகுதியானவர்கள் நம் செட்டிலேயே நாலைந்து பேர் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு பன்றி, ஒரு சேவல், ஒரு வாத்து, இரண்டு செம்மறியாடு, பொரிய மறுத்த ஒரு முட்டை. 1993-94இல் ஒன்பதாம் வகுப்பு ‘பி’ பிரிவில் இருந்தவர்கள் இந்நேரம் சிரிக்க ஆரம்பித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். யார் பெயரையும் போடவில்லை. எல்லோரும் இப்போது பெரிய மனிதர்கள், பட்டப்பெயரே போதும்.

அப்போது ஊருக்கு மெட்ராஸ் என்றுதான் பெயர். கார்ட்டூன் என்றால் ஞாயிற்றுக்கிழமை தூர்தர்ஷனில் வரும் டக் டேல்ஸ், டேல்ஸ்பின் வகையறா, அதுவும் இந்தியில். கிழட்டு வாத்து காசுக் குவியலில் நீச்சலடிப்பதைப் புரிந்துகொள்ள மொழி எதற்கு என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது 1995 மே மாதம். நாங்கள் பத்தாம் வகுப்புப் பரீட்சையே எழுதி முடித்துவிட்டோம். வர வேண்டிய நேரத்தில் எதுதான் வந்தது?

அந்தப் பஞ்சத்தில் எங்களைக் காப்பாற்றியவன் ‘அபுதாபி’. அவன் அப்பாவுக்கு அந்த ஊரில் வேலை. லீவில் வரும்போது கோடாலித் தைலம், டாங், பால்பவுடர் டின் இவற்றோடு, அங்கே டிவியில் வந்ததைப் பதிவு செய்த வீடியோ கேசட்டுகளும் பெட்டியில் இருக்கும். ராயப்பேட்டையில் அவர்கள் வீட்டில் டெக் இருந்தது. சனிக்கிழமை மதியம் தாத்தா தூங்கப் போனதும் போட்டுவிடுவோம். படத்தில் கோடு ஓடினால் அபுதாபி ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஹெட்டைத் துடைப்பான். நடுநடுவே அரபு விளம்பரங்கள் வரும். அதையும் ஓட்டாமல் பார்ப்போம். அப்படித்தான் ‘கார்ஃபீல்ட் அண்ட் ஃப்ரெண்ட்ஸ்’ எங்களுக்குக் கிடைத்தது.

கார்ஃபீல்டைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். ஜிம் டேவிஸ் வரைந்த ஆரஞ்சு நிறக் குண்டுப் பூனை. 1978 ஜூன் 19 அன்று அமெரிக்காவில் 41 நாளிதழ்களில் தொடங்கிய படக்கதை. திங்கட்கிழமை என்றால் அதற்கு ஆகாது. திங்கள் காலை பிரேயரில் நின்று தலைமையாசிரியரின் அறிவுரையைக் கேட்டவர்கள் எல்லோரும் அந்த விஷயத்தில் பூனை கட்சிதான். அது விழுந்து விழுந்து தின்னும் லசான்யாவை மட்டும் எங்களில் ஒருவனும் கண்ணால் பார்த்ததில்லை. அபுதாபிதான் அதிகாரபூர்வமாக, “டேய், அது காரக் கேக்குடா” என்று தீர்ப்புச் சொன்னான். பல வருடம் கழித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். கொத்து பரோட்டாவைக் கொத்த மறந்து அப்படியே அடுக்கி வைத்த மாதிரி இருந்தது.

அந்தத் தொடரில் எல்லோரும் பூனைக்காகக் காத்திருப்பார்கள். இரண்டு பூனைக் கதைகளுக்கு நடுவே ஒரு பண்ணைக் கதை வரும். அமெரிக்காவில் அதற்கு ‘யு.எஸ். ஏக்கர்ஸ்’ என்று பெயர், மற்ற நாடுகளில் ‘ஆர்சன்ஸ் ஃபார்ம்’. அதுவும் ஜிம் டேவிஸ் 1986 முதல் 1989 வரை வரைந்த படக்கதைதான். பண்ணைக் கதை வந்தால் ரிமோட்டை அழுத்துபவர்கள் உண்டு. எங்கள் செட்டில் அது நடக்காது. என்னைக் கேட்டால் பூனையைவிடப் பண்ணைதான் உசத்தி, இன்றும் அதே கட்சிதான். பூனை செய்வதைத் தெரிந்தே செய்கிறது, அதற்குக் கொழுப்பு. பண்ணையில் இருப்பதெல்லாம் அப்பாவிகளும் பயந்தாங்கொள்ளிகளும். ஆர்சன் என்ற பன்றி புத்தகம் படிக்கும், படித்ததையே கனவு கண்டு கேப் மாட்டிக்கொண்டு சூப்பர் ஹீரோவாகிவிடும். அதன் மூன்று தடியன் அண்ணன்களும் அவ்வப்போது வந்து அதைச் சேற்றில் தள்ளுவார்கள். ராய் என்ற சேவலுக்கு வம்பிழுக்காவிட்டால் பொழுது போகாது. வேட் என்ற வாத்துக்கு எல்லாவற்றுக்கும் பயம், தண்ணீருக்கும் சேர்த்து. அதனால் எந்நேரமும் இடுப்பில் நீச்சல் ட்யூப். அந்த ட்யூப்பிலும் ஒரு வாத்துத் தலை உண்டு. வாத்து மிரண்டால் அதுவும் மிரளும், வாத்து இளித்தால் அதுவும் இளிக்கும். ஷெல்டன் முட்டைக்குள்ளிருந்து வெளியே வரவே மாட்டேன் என்றிருக்கும் குஞ்சு. ஓட்டுக்கு அடியில் இரண்டு கால் மட்டும் தெரியும். ஜிம் டேவிஸே இண்டியானாவில் ஒரு பண்ணையில் வளர்ந்தவர். அங்கே இருபத்தைந்து பூனைகள் இருந்தனவாம். ஆஸ்துமாவால் வெளியே ஓடியாட முடியாமல் வீட்டுக்குள் கிடந்து படம் வரையப் பழகியவர். அந்த முட்டையின் நியாயம் அவருக்குத் தெரிந்திருக்கும்.

பூனைக் கதையில் நெர்மல் என்று ஒரு குட்டி வரும். உலகிலேயே அழகான பூனைக்குட்டி நான்தான் என்று பீற்றிக்கொள்ளும். கார்ஃபீல்டுக்கு எரிச்சல் தலைக்கேறினால் நெர்மலைப் பெட்டியில் போட்டு ஒட்டி அபுதாபிக்குப் பார்சல் செய்துவிடும். இதை முதலில் பார்த்தபோது எங்கள் அபுதாபி சோபாவிலிருந்து எழுந்தே விட்டான். “எங்கப்பா ஊருடா!” பிறகு எங்கள் வகுப்பின் நெர்மலைச் சாலிடேர் டிவி அட்டைப்பெட்டியில் உட்கார வைத்து, மேலே அட்ரஸ் எழுதி, ஸ்டாஃப் ரூம் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். அவன் முழுச் சம்மதத்தோடுதான். பி.டி. மாஸ்டர் பெட்டியை உதைத்துப் பார்க்க, உள்ளேயிருந்து “ஸ்டாம்ப் ஒட்டல சார்” என்று குரல் வந்தது. மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. இதில் இன்னொன்று: அவனைப் பார்சல் கட்டிய மூன்று பேரும் பின்னாளில் வளைகுடாவுக்கே வேலைக்குப் போனார்கள். மூவரையும் மீனம்பாக்கத்தில் வழியனுப்பியவன் நெர்மல். அவன் அம்பத்தூரைத் தாண்டவில்லை.

அந்த வருடம் ஆண்டு விழாவில் எங்கள் பிரிவுக்கு ஒரு நாடகம் கிடைத்தது. பண்ணைக் கதையைத் தமிழில் எழுதினேன். பன்றிதான் கதாநாயகன் என்றதும் வகுப்பாசிரியர் முகம் சுளித்தார். காப்பாற்றியவர் தமிழய்யா. “பெருமாளே வராகமா வந்தார், இவங்க வந்தா என்ன?” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டு, என் வசனத்தில் பாதியைச் சிவப்பு மையால் அடித்துத் தந்தார்.

வாத்துக்கு ட்யூப் வாங்கப் புதுப்பேட்டை போனோம். பழைய உதிரிபாகக் கடை ஒன்றில் அம்பாசடர் கார் ட்யூப் கேட்டோம்.

“இன்னாத்துக்குப்பா?”

“வாத்துக்கு அண்ணே.”

“வாத்துக்கு இன்னாத்துக்குப்பா ட்யூப்பு? அது தானா நீஞ்சுமே!”

இந்தத் தொடரை இவ்வளவு சுருக்கமாக யாரும் விமர்சித்ததில்லை. சிரித்துக்கொண்டே ஒட்டுப்போட்ட ட்யூப் ஒன்றைச் சும்மாவே கொடுத்தார். அதில் வைக்கும் வாத்துத் தலையை நியூஸ்பேப்பரும் மைதாப் பசையும் வைத்துச் செய்தோம். ஒரு பக்கம் சிரித்த முகம், மறுபக்கம் பயந்த முகம். பின்னால் ஒருவன் குனிந்து நின்று கயிற்றை இழுத்தால் தலை திரும்பும். ஓவிய ஆசிரியரே பார்த்து அசந்துபோனார். விழாவுக்கு முந்தின நாள் அதைக் காம்பவுண்டுச் சுவரோரம் வெயிலில் காய வைத்தோம்.

ராயப்பேட்டை ஆடுகளைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அவை புல்லைப் பார்த்ததில்லை. சினிமா போஸ்டரைக் கிழித்துத் தின்று வளர்ந்தவை. காகிதமும் மைதாவும்தான் அவற்றுக்கு விருந்து. நாங்கள் திரும்பி வந்தபோது ஒரு கறுப்பு வெள்ளாடு அலகை முடித்துவிட்டு, பயந்த முகத்தின் கண் வரைக்கும் வந்திருந்தது. விரட்டினால் முறைக்கிறது. மிச்சத்தில் கொட்டாங்குச்சியை ஒட்டி மஞ்சள் பெயிண்ட் அடித்தோம். சிறப்பு விருந்தினர் தன் உரையில் “அந்த ஆந்தை வேடம் அருமை” என்றார்.

செம்மறியாடுகளுக்குப் பனியனில் இலவம்பஞ்சு ஒட்டியிருந்தோம். மேடை ஃபேன் சுற்றியதும் பஞ்சு பறந்து, பன்றி முக்கியமான வசனத்தில் தும்மத் தொடங்கியது. சேவல் அதைவிடப் பெரிதாகத் தும்மியது. முன்வரிசைப் பெற்றோர் கைக்குட்டையைத் தேடினார்கள். வாத்தின் ட்யூப்பில் ஒட்டு விட்டுப்போய், மைக்குக்கு நேராக நின்று நீளமாகப் ‘புஸ்’ஸென்று காற்றை விட்டது. நான் எழுதிய எந்த ஜோக்குக்கும் அந்த அளவு கைதட்டல் இல்லை.

முட்டை விஷயம் தனி. கோழி மூடும் பஞ்சாரக் கூடைகள் இரண்டை வாய்க்கு வாய் சேர்த்து, கீழே கால் நுழைய ஓட்டை வைத்து, வெள்ளைத் துணி சுற்றித் தைத்திருந்தோம், ஆளை உள்ளே வைத்தே. நாடகம் முடிந்து எல்லோரும் விங்ஸுக்குள் போய்விட்டோம். மைக்செட்காரர் அதற்குள் அங்கே ஆம்ப்ளிஃபயரை நகர்த்தி வைத்திருந்ததால் முட்டை அந்தச் சந்தில் நுழையவில்லை. திரும்பி அடுத்த பக்கம் போவதற்குள் திரை மறுபடி விலகிவிட்டது. அடுத்த நிகழ்ச்சி பரதநாட்டியம். ஒரு பக்கம் நடராஜர் சிலை, மறுபக்கம் முட்டை. பாவம், அசையாமல் கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிரம்மாண்டத்தைக் குறிக்கும் முட்டை என்று சிலர் நினைத்துக்கொண்டதாகக் கேள்வி. ஆடிய பெண்ணோ ஒரு முத்திரையை அதை நோக்கிக் காட்டிச் சமாளித்துவிட்டார்.

அந்த முட்டை இன்று டொராண்டோவில் பல் மருத்துவர். அவ்வளவு நேரம் மேடையில் இருந்தும் தனக்கு ஒரு வசனம்கூட இல்லை என்று வாட்ஸ்அப் குழுவில் இன்னும் என்னோடு சண்டை போடுகிறான். டாக்டர், மூன்று பக்கம் எழுதினேன். வெட்டியது தமிழய்யா. புகாரை அவருக்கு அனுப்பவும்.