டயரில் நான்கு எண்கள்

கோலாலம்பூர் செந்தூலில் உள்ள கார் பட்டறையில் இன்று காலை மெக்கானிக் அண்ணன் பின்டயரைத் துணியால் துடைத்து, கைபேசி வெளிச்சத்தை அடித்துக் காட்டினார். 3114.

"2014ஆம் வருஷம், 31ஆவது வாரம் செஞ்ச டயர்மா இது."

தம்பிக்காக வாங்கிய பழைய புரோட்டோன் வீரா கார். உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான பி5 என்ற வாகனச் சோதனையில் போன வாரம்தான் தேறியது. அந்தத் தாளை நம்பி நிம்மதியாக இருந்தேன்.

டயரின் வரிகள் தேயவே இல்லை. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை போல வெடிப்புகள். அண்ணன் கட்டைவிரலால் அழுத்தியதும் ஒவ்வொன்றும் வாய் திறந்தது.

பிரேக் பிடிக்கிறதா, காரின் சட்டத்தில் பொறித்த சேசிஸ் எண் ஒத்துப்போகிறதா என்று சோதனையில் பார்க்கிறார்கள். ரொம்பத் தேவையான வேலை அது. ஆனால் அது அன்றைய ஒரு நாளுக்கான பதில். இஞ்சினைக் கழற்றிப் பார்ப்பதில்லை. கியர்பாக்ஸ் எத்தனை மாதம் தாங்கும் என்றும் சொல்வதில்லை.

நம் மலேசியாவில் சொந்தக் காருக்கு வருடாந்திரச் சோதனையும் கிடையாது. அப்புறம் யார் பார்ப்பது?

தம்பி வாராவாரம் காராக் நெடுஞ்சாலையில் மலையேறி தெமர்லோ போகிறவன்.

நாலு டயரையும் மாற்றச் சொல்லிவிட்டேன். பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாயையும் பார்க்கட்டும் என்று இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன். அண்ணன் காருக்கடியில் படுத்து டார்ச் அடித்துக்கொண்டிருக்கிறார்.