ஸ்பே ஆற்றில் நாலாம் நாள்

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் ஒரு வாரம் தூண்டில் போட்டுவிட்டு நேற்றுதான் திரும்பினேன். அங்கே சால்மன் மீன் பிடிக்கும் உரிமை என்பது தனிச் சொத்து. ஆற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், ஒவ்வொரு துண்டுக்கும் ‘பீட்’ என்று பெயர். காசு கட்டித்தான் இறங்க முடியும். ஞாயிற்றுக்கிழமை சால்மனுக்கும், அதைப் போலவே கடலுக்குப் போய் ஆற்றுக்குத் திரும்பும் கடல் டிரவுட் மீனுக்கும் தூண்டில் போடச் சட்டமே அனுமதிக்காது. எனக்கு அந்தச் சட்டம் ரொம்பப் பிடித்திருக்கிறது.

கடலிலிருந்து ஆறேறிய சால்மன் இரை எடுப்பதில்லை. அப்புறம் ஏன் இறகும் நூலும் சுற்றிய ஒரு பொய் ஈயைக் கவ்வுகிறது? கோபமா, பழைய பழக்கமா? யோசித்து யோசித்து மூன்று நாள் வெறுங்கையோடு கரையேறினேன்.

நாலாம் நாள் ராத்திரி பதினொரு மணி. ஜூன் மாத வெளிச்சம் இன்னும் வானத்தில் மிச்சமிருந்தது. தொடையளவு தண்ணீரில் நிற்கிறேன், கயிறு சட்டென்று இறுகியது. கடல் டிரவுட்! தேய்த்த வெள்ளிப் பாத்திரம் மாதிரி உடம்பு, வால் பக்கம் இரண்டு கடல் பேன், மீன் உடம்பில் ஒட்டி வாழும் சின்ன ஒட்டுண்ணிகள். நல்ல தண்ணீரில் அவை சில நாளில் உதிர்ந்துவிடும். அப்படியென்றால் இவள் இப்போதுதான் கடலை விட்டு வந்திருக்கிறாள்! விடுவதற்கு முன் அவள் தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்துக்கொண்டேன். செவுள் நாலைந்து தடவை திறந்து மூடியது. ஒரே உதறல், போய்விட்டாள்.

“காசு கொடுத்துப் பிடித்ததை ஏன் விட்டாய்?” என்று கேட்கிறார்கள். பிரிட்டனின் அட்லாண்டிக் சால்மன் 2023-இல் அழியும் ஆபத்திலுள்ள இனப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அதே ஆற்றில் முட்டையிட வரும் டிரவுட்டையும் கொல்ல எனக்கு மனசு வரவில்லை.