கட்சிக்காரருக்கு வந்த மஞ்சள் காமாலை

எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து முன்சீப் கோர்ட்டுகளில் மஞ்சள் காமாலையைச் சட்டக் காரணங்களில் ஒன்றாகவே சேர்த்துவிடலாம். எக்ஸ்பார்ட்டி டிக்ரியை, அதாவது ஒரு தரப்பு வராததால் அவர் இல்லாமலே ஆன தீர்ப்பை, ரத்து செய்யச் சொல்லி 30 நாளைக்குள் போட வேண்டிய மனுவை ஒன்றரை வருடம் கழித்துப் போட்டால், அபிடவிட் என்கிற பிரமாண வாக்குமூலத்தின் மூன்றாவது பாராவில், வக்கீலை வைத்து வழக்காடும் கட்சிக்காரருக்குக் காமாலை வந்துவிடும். டாக்டர் சீட்டை யாராவது கேட்பார்களே? அதற்காகக் கூடவே கீழாநெல்லியும் வரும். நாட்டு மருந்து சாப்பிட்டு வீட்டோடு கிடந்தாராம். ஒருமுறை குறுக்கு விசாரணையில் "காமாலை என்றைக்கு வந்தது?" என்று கேட்டதும், கூண்டில் நின்ற பெரியவர் தன் வக்கீலைத் திரும்பிப் பார்த்து, "எனக்கா? எனக்குச் சுகர்தானய்யா இருக்கு" என்றார். ஜட்ஜ் தலையைக் குனிந்துகொண்டார்.

உண்மையில் என்ன நடந்தது என்பது அந்த ஹாலில் இருந்த வக்கீல்கள் அத்தனை பேருக்கும் தெரியும். ஆபீஸ் டைரியில் வாய்தா தேதி தப்பாக ஏறிவிட்டது. வழக்குக் கட்டைத் தேடி எடுப்பதற்குள் டிக்ரி ஆகிவிட்டது. இதைத் தன் அறிவில் சொல்லக்கூடிய ஒரே ஆள் வக்கீல்தான். ஆனால் அபிடவிட்டில் கையெழுத்துப் போடுகிறவர் டைரியைக் கண்ணால் பார்த்தே இராத கட்சிக்காரர்.

இதற்கு நேர் எதிரான கூத்தும் உண்டு. கட்சிக்காரர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருப்பார், நாளைக்கே தடையுத்தரவு வேண்டும் என்பார். உடனே வக்கீல் தானே அபிடவிட் போட்டு, வயல்வரப்பில் நடந்ததையெல்லாம் நேரில் நின்று பார்த்த மாதிரி எழுதிவிடுவார். என் பார்வையில் எங்கள் தொழிலில் இந்த இரண்டும் தலைகீழாகத்தான் நடக்கின்றன. சத்தியம் செய்ய வேண்டிய இடத்தில் வாயை மூடிக்கொள்கிறோம், தேவையில்லாத இடத்தில் துணிந்து கையெழுத்துப் போடுகிறோம்.

வக்கீல் அபிடவிட் போடவே கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம் சொல்லவில்லை. கட்டளை 19, விதி 3 கேட்பது ஒன்றைத்தான்: வாக்குமூலம் கொடுப்பவர் தன் சொந்த அறிவில் மெய்ப்பிக்கக்கூடிய சங்கதியை மட்டும் சொல்ல வேண்டும். இடைக்கால மனுக்களில் 'இப்படி நம்புகிறேன்' என்று எழுத இடமுண்டு, ஆனால் ஏன் நம்புகிறேன் என்பதையும் எழுத வேண்டும். 1952-இல் ஒரு தடுப்புக்காவல் வழக்கில் பம்பாய் மாகாண அரசின் உள்துறைச் செயலாளர் போட்ட அபிடவிட்டையே உச்ச நீதிமன்றம் இந்தக் குறைக்காகக் கண்டித்தது. எந்தப் பாரா சொந்த அறிவு, எது கேட்டறிந்தது, யாரிடம் கேட்டது என்று பிரித்துச் சொல்லச் சொன்னது. அரசுச் செயலாளருக்கே இந்த விதி என்றால் நமக்கு என்ன சலுகை?

பக்கத்துக் கோர்ட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாதை வழக்கு. வாதி ஷார்ஜாவில் வேலை பார்ப்பவர், லீவில் வந்தபோது வழக்கைப் போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். நான் பிரதிவாதிக்கு. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே என் கட்சிக்காரர் பாதையில் முள்வேலி போட்டுவிட்டார் என்று புதிதாக ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு, வந்தது. அபிடவிட்டைப் புரட்டினால் கையெழுத்து வாதியின் வக்கீலுடையது. எனக்குப் பத்து வருடம் மூத்தவர், நான் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். இன்ன தேதி காலை ஏழு மணிக்குப் பிரதிவாதி நாலு ஆட்களோடு வந்து, கல்லுக்கால் ஊன்றி, வாதியின் மனைவியைக் கெட்ட வார்த்தையால் திட்டினார் என்று எல்லாமே 'எனக்குத் தெரிய' என்ற தோரணையில் இருந்தது.

கட்டளை 19, விதி 2-இன் கீழ் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும் என்று மனு கொடுத்தேன். பார் ரூமில் பேச்சுவார்த்தை நின்றுபோனது. கூடப் பழகுகிறவரைக் கூண்டில் ஏற்றுவதா என்று பெரியவர்கள் கடிந்துகொண்டார்கள். அவர் அபிடவிட் போடாமல் இருந்திருந்தால் நான் ஏன் கேட்கப்போகிறேன்?

மனு விசாரணைக்கு வந்த அன்று ஜட்ஜே முதலில் கேட்டுவிட்டார்: "ஏழு மணிக்கு நீங்க அங்க இருந்தீங்களா சார்?" இல்லை, கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் சொன்னார் என்றார் அண்ணாச்சி. சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னது ரகசியம். முன்பு சாட்சியச் சட்டத்தின் 126-ஆம் பிரிவு அதைக் காத்தது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய சாட்சிய அதினியமின் 132-ஆம் பிரிவு காக்கிறது. வாட்ஸ்அப்பைக் காட்டினால் அந்தக் காப்பு உடைய வழி பிறக்கும். காட்டாவிட்டால் அபிடவிட்டுக்கு ஆதாரமே இல்லை. போதாததற்கு பார் கவுன்சில் ஆஃப் இந்தியாவின் தொழில் நடத்தை விதி 13 வேறு இருக்கிறது. வழக்கின் முக்கியமான சங்கதிக்குத் தானே சாட்சி என்று தெரிந்தால், கட்சிக்காரருக்குப் பாதகமில்லாமல் விலக முடிகிறபோது வக்கீல் விலகிவிட வேண்டும் என்கிறது அது.

எதிர்த்தரப்பு வக்கீலைச் சாட்சிப் பட்டியலில் சேர்த்து வழக்கை விட்டே விரட்டும் தந்திரம் ஒன்று உண்டு. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. அவர் சாட்சியம் எதற்குத் தேவை என்று சொல்லாமல் வெறுமனே பெயரைச் சேர்க்க முடியாது. அந்தப் பாதுகாப்பு அண்ணாச்சிக்கு இருந்தது. ஆனால் அவரைச் சாட்சியாக்கியது நானா?

கடைசியில் அபிடவிட்டை வாபஸ் வாங்கிக்கொண்டு, வாதியின் மனைவி பெயரில் புதிதாகப் போட்டார். அந்த அம்மாள்தான் வேலி போட்டபோது அங்கே நின்றவர், திட்டு வாங்கியவர். கோர்ட்டிலிருந்து அரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தார். இரண்டு பாராவில் முடிந்த அந்த வாக்குமூலம் என் கட்சிக்காரருக்கு முந்தையதைவிட எவ்வளவோ தொந்தரவு கொடுத்தது.

சரி, வக்கீல் கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வருவோம். தேதி தப்பியது, கட்டு காணாமல் போனது, வக்கீலே ஆஸ்பத்திரியில் இருந்தது, கோர்ட்டில் திறந்த அவையில் எதிர்த்தரப்பு ஒப்புக்கொண்டது: இவையெல்லாம் நம் அறிவுக்கு உட்பட்டவை. வக்கீலின் தவறுக்கு ஒன்றுமறியாத கட்சிக்காரர் கஷ்டப்படக் கூடாது என்று 1981-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1998-இல் சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில் மனு போட்டதில் தாமதம் 883 நாள். அங்கே தவறிய வக்கீல் கட்சிக்காரருக்கு 50,000 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று நுகர்வோர் மன்றம் ஏற்கெனவே உத்தரவு போட்டிருந்தது. உயர் நீதிமன்றம் மறுத்த தாமத மன்னிப்பை உச்ச நீதிமன்றம் கொடுத்தது. இன்று அந்த நுகர்வோர் மன்றக் கதவும் கிடையாது, 2024 மே மாதத் தீர்ப்பு வக்கீல்களை அந்தச் சட்டத்துக்கு வெளியே வைத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஒரு பாரா உண்மை எழுத நமக்கு என்ன பயம் என்று எனக்குப் புரியவில்லை. பேர் கெட்டுவிடும் என்பார்கள். காமாலைப் பொய்யில் கட்சிக்காரர் மாட்டினால் பொய்ச் சாட்சியத்துக்கு ஏழு வருடம் வரை தண்டனை இருக்கிறது, அவர் பேர் கெட்டால் பரவாயில்லையா?

என்னிடம் வரும் ஜூனியர்களுக்கு நான் சொல்வது இதுதான். 'இவ்வழக்கில் வாதியின் வழக்கறிஞராகிய நான்' என்று ஆரம்பித்து, நீங்கள் செய்ததையும் பார்த்ததையும் மட்டும் எழுதுங்கள். சொத்தைப் பற்றி, சண்டையைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், அதற்குக் கட்சிக்காரர் தனியாக ஒரு அபிடவிட் கொடுக்கட்டும். வெளிநாட்டில் இருந்தால் அங்கே உள்ள இந்தியத் தூதரகத்தில் போய்ச் சத்தியம் செய்து அனுப்பலாம், ஆனால் நாள் பிடிக்கும். அதுவரை ஊரில் நேரில் பார்த்தவர் யார் என்று தேடுங்கள். நீங்கள் கையெழுத்துப் போட்ட மனுவில் நீங்களே வாதாடாமல் வேறொருவரை விடுங்கள். அப்புறம், தேதி தப்பாக ஏறிய டைரிப் பக்கத்தின் நகலையும் மனுவோடு சேர்த்துவிடுங்கள். எதிர்த்தரப்பில் நான் இருந்தால் முதலில் அதைத்தான் கேட்பேன்.