சூடு பட்ட பிளாஸ்டிக்கும் ஈஸ்ட்ரோஜன் ஏற்பியும்

ஈஸ்ட் செல்கள் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனைப் போன்ற ஒரு பொருளைச் சுரக்கின்றன என்று ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முதலில் நம்பினார்கள். தேடிப்போனால் ஈஸ்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவியால் கிருமி நீக்கும் கருவி) சூடாக்கிய பாலிகார்பனேட் என்ற கெட்டி பிளாஸ்டிக் குடுவையிலிருந்து, அந்தப் பிளாஸ்டிக்கின் மூலப்பொருளான பிஸ்பீனால் ஏ (பிபிஏ) தண்ணீரில் கசிந்திருந்தது. 1993-ல் இதை வெளியிட்டார்கள்.

செல்லில் ஈஸ்ட்ரோஜனைப் பற்றிக்கொள்ளும் புரதமான ஈஸ்ட்ரோஜன் ஏற்பியில் ஒரு குழி உண்டு. உடலின் முக்கிய ஈஸ்ட்ரோஜனான எஸ்ட்ராடயாலின் பீனால் வளையம் அதற்குள் போய், 353-ஆவது இடத்திலுள்ள குளூட்டமேட், 394-ஆவது இடத்திலுள்ள ஆர்ஜினின் என்ற இரண்டு அமினோ அமிலங்களோடும் ஹைட்ரஜன் பிணைப்பு போடும். பிபிஏவிடம் அதே போன்ற பீனால் வளையம் இரண்டு இருக்கின்றன. அதனால் அதுவும் உள்ளே நுழைந்துவிடும். பிடிப்பு எஸ்ட்ராடயாலைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் பலவீனம்தான். அதை வைத்து அலட்சியம் செய்யக்கூடாது. ஈஆர்ஆர் காமா என்ற இன்னொரு ஏற்பியை இது மிக வலுவாகப் பற்றுகிறது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் தினசரி வரம்பை உடல் எடை கிலோவுக்கு 4 மைக்ரோகிராமிலிருந்து 0.2 நானோகிராமாக, அதாவது 20,000 மடங்கு, குறைத்தது.

கல்லீரல் பிபிஏவைச் சில மணி நேரத்தில் செயலிழக்கச் செய்து சிறுநீரில் தள்ளிவிடும். சிக்கல், தினமும் புதிதாக உள்ளே வருவதுதான். பாலிகார்பனேட் பாத்திரத்தில் கொதிநீர், சூடான குழம்பு ஊற்றவே வேண்டாம். சூட்டில் கசிவு பல மடங்காகும். பாத்திரத்தின் அடியில் முக்கோணத்துக்குள் 7 என்றிருந்தால் அது பாலிகார்பனேட்டாக இருக்கலாம். சானிடைசர் ஈரம் காயாத கையால் கடை ரசீதைத் தொடாதீர்கள், ரசீதுத் தாளின் பூச்சில் பிபிஏ இருந்தால் தோல் வழியாக அதிகம் ஏறும். 'பிபிஏ இல்லை' என்ற லேபிளை மட்டும் நம்பவும் முடியாது. மாற்றாகச் சேர்க்கப்படும் பிஸ்பீனால் எஸ்ஸும் அதே ஏற்பியில்தான் போய் ஒட்டுகிறது.