மைனஸ் ஒன்றில் எத்தனை ஒன்று?

இன்டர்வியூவில் கேள்வி கேட்க வேண்டியவன் நான். ஆனால் மனதில் தங்கிவிட்டது, வேலைக்கு வந்த ஒருவர் என்னிடம் கேட்டதுதான்.

கொடுத்தது சின்னக் கணக்கு. ஒரு முழு எண்ணை 0, 1 என்ற பிட்களாக மட்டும் எழுதும் பைனரி வடிவில் எத்தனை 1 இருக்கிறது? ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதினார். இரண்டால் வகுத்து மீதி 1 வந்தால் எண்ணிக்கையில் ஒன்று கூட்டு. பூஜ்யம் ஆகும்வரை சுற்று. 13 (பைனரியில் 1101) கொடுத்தால் 3. சரிதான். வழக்கம்போல "மைனஸ் ஒண்ணு குடுத்தா?" என்றேன்.

"சார், இதை எண்ணாப் பாக்கணுமா, வெறும் பிட் வரிசையாப் பாக்கணுமா?"

"உங்க புரோகிராம் என்ன தரும்? அதைச் சொல்லுங்க."

ஓட்டிப் பார்த்துவிட்டு "ஜீரோ" என்றார். ஜாவாவில் மைனஸ் ஒன்றை இரண்டால் வகுத்தால் மீதியும் மைனஸ் ஒன்று. அது 1-க்குச் சமமாகாது. எந்த நெகடிவ் எண்ணுக்கும் இதே கதி. நான் எதிர்பார்த்த விடை 32. நெகடிவ் எண்ணைக் கணினி பிட்களாக வைத்துக்கொள்ளும் முறையான டூஸ் காம்ப்ளிமென்டில் மைனஸ் ஒன்றின் 32 பிட்டும் 1.

எட்ஜ் கேஸ், அதாவது வழக்கத்துக்கு மாறாக வரக்கூடிய உள்ளீடு, கவனிக்கவில்லை என்று குறித்து நிராகரித்தேன்.

அவர் கேட்டது சாக்குப்போக்கு இல்லை. பைத்தான் என்ற இன்னொரு நிரல்மொழியில் முழு எண்ணுக்கு இத்தனை பிட் என்ற வரம்பே கிடையாது. அதனால் அதன் 3.10 பதிப்பில் வந்த, 1-களை எண்ணித்தரும் பிட் கவுண்ட், குறியை விட்டுவிட்டு மைனஸ் ஒன்றுக்கு 1 என்கிறது. ஜாவாவின் பிட் கவுண்ட் 32 என்கிறது. இரண்டு மொழிகளும் இரண்டு விதமாக முடிவுசெய்த விஷயத்தைத்தான் அவர் என்னிடம் கேட்டார்.

ஆனால் அவர் எழுதியது ஜாவாவில். பூஜ்யம் எந்தக் கணக்கிலும் விடை ஆகாது. இதை நான் பலமுறை எனக்கே சொல்லிக்கொண்டாயிற்று.

இன்னொன்றும் உண்டு. எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அதே எண்ணோடு ஆண்ட் (இரண்டிலும் 1 உள்ள இடத்தில் மட்டும் 1) போட்டால் கடைசி 1 மட்டும் அணையும். எத்தனை சுற்றில் பூஜ்யம் ஆகிறதோ அத்தனை 1. மனப்பாடமாக வருபவர்கள் இதை மூச்சுவிடாமல் எழுதுவார்கள். நெகடிவ் எண்ணுக்கும் சரியாக வரும், ஏன் வருகிறது என்று அவர்கள் யோசிக்காமலே. அவர்களைத் தேர்வு செய்திருக்கிறேன். விதி எல்லோருக்கும் ஒன்றுதானே, புரோகிராம் ஓட வேண்டும் என்பதுதானே? அப்படித்தான் நினைக்கிறேன்.

இப்போது கேள்வியிலேயே "32 பிட், நெகடிவும் வரலாம்" என்று சேர்த்துவிட்டேன். குழப்பம் இல்லை, எல்லோருக்கும் நியாயம். அவரைப் போலக் கேட்கக்கூடியவர் யார் என்று தெரிந்துகொள்ளத்தான் இனி வழியில்லை.