பேட்டா கட்டாத வழக்கு

2021 மார்ச் மாதம், அம்மா வீட்டில் இருந்தபோது, எங்கள் ஊர் சார்பு நீதிமன்றத்தில் விவாகரத்து மனு தாக்கல் செய்தேன். சில மாதங்களில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்துவிட்டேன். “ஒவ்வொரு வாய்தாவுக்கும் நீங்க அலைய வேண்டாம்மா, கூப்பிடும்போது வந்தா போதும்” என்று வழக்கறிஞர் சொன்னார். நம்பினேன்.

முதல் ஆறு மாதம் அவர் தொலைபேசியை எடுத்தார். பிறகு குமாஸ்தா எடுத்தார். அதற்கும் பிறகு பெரும்பாலும் யாரும் எடுக்கவில்லை. எப்போதாவது குமாஸ்தா கிடைத்தால், “எதிர்தரப்புல வாய்தா வாங்கிட்டாங்கம்மா” என்ற ஒரே பதில்தான் வரும். என் கணவர் வேண்டுமென்றே இழுத்தடிக்கிறார் என்று எண்ணி, அந்த இரண்டரை ஆண்டுகளும் இரவில் தூக்கம் வராத நேரமெல்லாம் அவர்மீது கோபத்தை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

2023 செப்டம்பரில், நிலத் தகராறு ஒன்றுக்காக நீதிமன்றம் ஏறி இறங்கிக்கொண்டிருந்த அலுவலகத் தோழி, இ-கோர்ட்ஸ் செயலியைக் காட்டினார். ஒவ்வொரு வழக்குக்கும் எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இலக்கம் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. அது என்னிடம் இல்லை. யாரும் தரவில்லை, நானும் கேட்கவில்லை. பெயரையும் ஆண்டையும் இட்டுத் தேடியதில் வழக்கு கிடைத்தது. ஒவ்வொரு வாய்தாத் தேதியையும் தொட்டால் அன்று நடந்தது ஓரிரு வரியில் வருகிறது. முதலில் அனுப்பிய அறிவிப்பு சேராமல் திரும்பியிருந்தது. அதன்பின் பதினொரு வாய்தாக்களிலும் “மறு அறிவிப்புக்குப் பேட்டா செலுத்த” என்ற ஒன்றே எழுதப்பட்டிருந்தது. கடைசி வரி, பேட்டா செலுத்தாததால் மனு தள்ளுபடி என்றது. அந்த உத்தரவு பிறந்து பத்தொன்பது நாள் ஆகியிருந்தது.

எதிர்மனுதாரருக்கு அறிவிப்பைக் கொண்டுசேர்க்க மனுதாரர் தரப்பு நீதிமன்றத்தில் கட்ட வேண்டிய சிறு தொகைதான் பேட்டா. அதைக் கட்டி, சரியான முகவரியையும் தந்தால்தான் அறிவிப்பு கிளம்பும். என் கணவர் ஒரு வாய்தாவும் வாங்கவில்லை. இப்படியொரு வழக்கு இருப்பதாக நீதிமன்றம் அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. அவர்மீது எனக்குள்ள குறைகள் வேறு. இந்தத் தாமதத்தில் அவருக்குப் பங்கில்லை என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு நாள் முழுவதும் ஆயிற்று.

இந்து திருமணச் சட்டத்தின் 21பி பிரிவு, விசாரணையை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது. அந்த ஆறு மாதத்தை எதிர்மனுதாரருக்கு அறிவிப்பு சார்பு செய்யப்பட்ட, அதாவது அவரிடம் சேர்க்கப்பட்ட, நாளிலிருந்து எண்ண வேண்டும் என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. மனு போட்டு மூன்று ஆண்டு ஆகிவிட்டது என்று நாம் புலம்பிக்கொண்டிருப்போம். சட்டத்தின் கணக்கிலோ முதல் நாளே தொடங்கியிருக்காது. ஆகவே வழக்கு நகரவில்லை என்று வருந்துகிறவர்கள் எல்லாவற்றுக்கும் முன் பார்க்க வேண்டியது, அறிவிப்பு சார்பு ஆகிவிட்டதா என்பதை. சார்பு ஆகிய பின்னும் வழக்கு இழுபட்டால், குறிப்பிட்ட காலத்துக்குள் முடிக்க உத்தரவிடுமாறு அரசியலமைப்பின் 227ஆவது உறுப்பின்கீழ் உயர் நீதிமன்றத்தை அணுகலாம்.

அடுத்த நாள் இரவே பேருந்து ஏறினேன். வழக்கறிஞர் அலுவலக அலமாரியின் அடித்தட்டிலிருந்து குமாஸ்தா என் வழக்குக் கட்டை உருவி எடுத்தார். மேலட்டையில் என் பெயர் பிழையாக எழுதப்பட்டிருந்தது. பக்கத்து வழக்கின் ரசீது ஒன்று உள்ளே செருகிக் கிடந்தது. பாக்கி எட்டாயிரம் ரூபாய் தந்தால்தான் கட்டைத் தர முடியும் என்றார். கையில் இருந்ததைக் கொடுத்து வாங்கிக்கொண்டேன். கட்டணப் பாக்கிக்காக வழக்கறிஞர் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருப்பது பிறகுதான் தெரிந்தது.

நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப்பணிகள் குழுவின் அறை இருக்கிறது. சம்பளம் வாங்குகிறவளுக்கு அங்கே உதவி கிடைக்காது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தேன். 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. எனக்கு அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் என்னைவிட இளையவர். கட்டைப் புரட்டியவர் தள்ளுபடித் தேதியில் விரலை வைத்து, “மீட்பு மனு போட முப்பது நாள்தாங்க்கா. இன்னும் ஒன்பது நாள் இருக்கு” என்றார். ஒரு வழக்கறிஞர் என் வழக்கின் தேதியைப் பார்த்து எண்ணிச் சொன்னது அதுவே முதல் முறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதிய வக்காலத்தில் பழையவரின் ஆட்சேபணையின்மைக் கையொப்பம் வேண்டியிருந்தது. அவர் மறுத்தாலும் நீதிமன்ற அனுமதியுடன் வழக்கறிஞரை மாற்றிக்கொள்ளலாம் என்று துணிவூட்டி அனுப்பினார்கள். நீதிமன்றத் தாழ்வாரத்தில் நின்றபடியே, என் முகத்தைப் பார்க்காமல், கையெழுத்திட்டுக் கொடுத்தார் அவர். வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35ஆவது பிரிவின்கீழ் பார் கவுன்சிலில் புகார் அளிக்க எனக்கு வழியுண்டு. அம்மா அதே ஊரில் தனியாக இருக்கிறாள் என்பதால் இன்றுவரை அளிக்கவில்லை. அது சரிதானா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

எட்டு நாளுக்குள் மீட்பு மனு தாக்கலாகி, டிசம்பரில் வழக்கு கோப்புக்குத் திரும்பியது. இம்முறை பேட்டா கட்டும்போது நானே உடன் நின்றேன். கணவரின் புதிய முகவரியை அவர் உறவினர் ஒருவரிடம் கேட்டு, கதவெண்ணை இருமுறை சரிபார்த்துக் கொடுத்தேன்.

ஜனவரி வாய்தாவுக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போனேன். கட்டில் புதிதாகக் கோக்கப்பட்டிருந்த ஒப்புகை அட்டையை வழக்கறிஞர் திருப்பிக் காட்டினார். எங்கள் திருமணப் பதிவேட்டில் நான் பார்த்த அதே சாய்ந்த கையெழுத்து. அதன் கீழே தேதி. அந்தத் தேதியிலிருந்து ஆறு மாதத்தை விரல்விட்டு எண்ணி, கைப்பேசியில் குறித்துக்கொண்டேன்.