டெமோவை எங்கே வெட்டுவது?

ஆக்‌ஷன் கேமுக்கு டெமோ (வாங்கும் முன் விளையாடிப் பார்க்கத் தரும் இலவசப் பகுதி) தயாரிக்கும்போது வரும் முதல் தகராறு, எவ்வளவு கொடுப்பது என்பதுதான். உண்மையில் அளவு அவ்வளவு முக்கியமில்லை, வெட்டும் இடம்தான் முக்கியம். இதற்கு 1993 டிசம்பர் 10 அன்று ஐடி சாஃப்ட்வேர் வெளியிட்ட 'டூம்' என்ற துப்பாக்கிச் சண்டை கேம் இன்றைக்கும் நல்ல பாடம்.

27 லெவல்களில் 9 இலவசம். மூன்றில் ஒரு பங்கு! இன்று இப்படிக் கேட்டால் பதிப்பாளர் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். யாரும் நகலெடுக்கலாம், கடைக்காரர் ஃப்ளாப்பியில் போட்டு விற்று, காசைத் தானே வைத்துக்கொள்ளலாம். வெளியீட்டு நாளில் விஸ்கான்சின் பல்கலைக்கழக சர்வரில் காத்துக்கிடந்த கூட்டமே எல்லா இணைப்புகளையும் அடைத்துக்கொள்ள, கோப்பை ஏற்ற வந்தவர்களுக்கே இடமில்லாமல் போனது.

இலவசம் என்பதால் மட்டும் அந்தப் பரபரப்பு நீடிக்கவில்லை. முதல் லெவலில் ஆட்டம் தொடங்கும் அறையின் ஜன்னல் வழியே பாருங்கள். வெளிமுற்றத்தில் நீலக் கவசம் ஒன்று கிடக்கும். கண்ணுக்குத் தெரிகிறது, வழி தெரியாது. ரகசியக் கதவைக் கண்டுபிடித்தால்தான் கைக்கு வரும். டெமோ முழுவதும் இதே உத்திதான். திரையின் அடியில் ஆயுதங்களுக்கான கட்டத்தில் 2 முதல் 7 வரை எண்கள் இருக்கும். ஷாட்கன், செயின்கன், ராக்கெட் லாஞ்சர் என்று ஒவ்வொன்றாகக் கிடைக்கக் கிடைக்க எண்கள் மஞ்சளாகும். 6, 7 மட்டும் இலவசப் பகுதியில் கடைசிவரை சாம்பல் நிறம்தான். அந்த எண்களுக்குரிய பிளாஸ்மா துப்பாக்கிக்கும் பிஎஃப்ஜி என்ற ராட்சதத் துப்பாக்கிக்கும் இதைவிட நல்ல விளம்பரம் வேண்டாம்.

வெட்டு விழும் இடம் எட்டாவது லெவலின் முடிவு (ஒன்பதாவது, இடையில் ஒளிந்திருக்கும் ரகசிய லெவல்). இரண்டு பெரிய அரக்கர்களைக் கொன்றாகிவிட்டது, ஜெயித்தாயிற்று என்று டெலிபோர்ட்டரில் கால் வைத்தால், இருட்டறை, சுற்றிலும் பேய்க்கூட்டம். தரையே உயிரைத் தின்னும். சாகாவரம் தரும் சீட் கோடு (குறுக்குவழிக் குறியீடு) போட்டிருந்தாலும் அந்தத் தரை அதை அணைத்துவிடும். உயிர் 10 சதவீதத்துக்கு இறங்கியதும் லெவல் முடிகிறது. பிறகு, "ஜெயித்ததாக நினைத்தாயா?" என்ற தொனியில் ஓர் உரையும் அடுத்த இரண்டு பகுதிகளின் பெயர்களும். பாஸ் (கடைசிப் பெரிய எதிரி) இருக்கும் அறைக் கதவிலேயே வெட்டினால் ஏமாற்றம், பாஸ் செத்ததும் லோகோ போட்டால் வயிறு நிறைந்துவிடும். வெற்றிக்கு அரை நிமிடம் கழித்து வெட்டியதில்தான் சாமர்த்தியம்.

இன்னொரு விஷயத்திலும் 'டூம்' தப்பித்தது. இலவசக் கோப்பில் மற்ற லெவல்களின் தரவே கிடையாது, திறப்பதற்கு ஒன்றுமில்லை. அதே நிறுவனம் 1996-இல் 'குவேக்' டெமோ சிடியில் முழு கேமையும் பூட்டி வைத்து, சாவியைத் தொலைபேசியில் விற்றது. பூட்டை உடைக்கும் நிரல் வந்துவிட்டது. டெமோ பில்டில் (வெளியிடத் தொகுத்த பதிப்பில்) எதையும் ஒளித்து வைக்காதீர்கள், நீக்கிவிடுங்கள்.

'டூம்' சறுக்கிய இடம் நெட்வொர்க். ஆரம்பப் பதிப்புகள் ஒவ்வொரு பாக்கெட்டையும் (தரவுத் துணுக்கையும்) நெட்வொர்க்கில் இருந்த எல்லாக் கணினிகளுக்கும் அனுப்பின. நாலு பேர் விளையாட, அலுவலகமே திணறும். 1.2 பதிப்பில்தான் சரியானது.

இன்றைய ஆக்‌ஷன் கேம்களுக்குச் சிக்கல் வேறு. தொடக்கத்தில் கையில் நாலைந்து அடிதான் இருக்கும், சண்டையின் ருசி பத்து மணி நேரம் கழித்துத்தான் தெரியும். 2023-இல் 'ஃபைனல் ஃபேன்டஸி 16' இதை அழகாகச் சமாளித்தது. தொடக்கக் கதையை அப்படியே கொடுத்து, கூடுதல் சக்திகளோடு பிற்பகுதிச் சண்டை ஒன்றைத் தனியாக வைத்தார்கள். தொடக்கக் கதையின் சேவ் (விளையாடி நிறுத்திய இடத்தின் பதிவு) மட்டும் முழு கேமுக்குத் தொடரும்.

சேவ் தொடரும் என்று சொல்லிவிட்டால் வேலை கூடும். டெமோ உறைந்துவிட்ட பில்ட், முழு கேம் கடைசி நாள்வரை மாறிக்கொண்டே இருக்கும். பொருட்களின் எண்வரிசை ஒன்று நகர்ந்தாலும் வாளுக்குப் பதில் மருந்துப் புட்டி வந்து நிற்கும். எனவே சேவ் கோப்பில் பதிப்பு எண்ணைப் போடுங்கள். கதை எங்கே நிற்கிறது என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு, பையில் உள்ளவற்றை முழு கேமின் அட்டவணையிலிருந்து புதிதாக நிரப்புங்கள். ஒவ்வொரு பேட்சுக்கும் (திருத்த வெளியீட்டுக்கும்) பழைய டெமோ சேவ் ஒன்றை ஏற்றிப் பாருங்கள்.